சாப்பாட்டு முறை

பாக்கியத்தாய்க்கு நடந்தது அநியாயம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மகளைப் பார்க்க அவள் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முதல் வரிசையோடு போய் முழங்கால் போட்டாள். மேலத்தெரு முடித்த பிறகுதான் கீழத்தெரு என்பது அந்தச் சபையில் எழுதாத சட்டம். செயலாளர் ஆசீர்வாதம் எழுந்து வந்தார். அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

பாட்டுகூட நிற்கவில்லை.

அதன்பிறகு மூன்று ஞாயிறாக அவள் ஆலயத்துக்கு வரவில்லை.

ஹெப்சிபா இறையியல் கல்லூரியிலிருந்து அந்த ஊருக்குப் பயிற்சி ஊழியராக வந்து ஆறு மாதம். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். பாக்கியத்தாய்க்கு அது நடந்த மறு ஞாயிறே பிரசங்கத்தில் மேலத்தெருவைக் கிழித்தாள். பேராயருக்கு மனு எழுதினாள். கையெழுத்து வாங்கப் போனபோது பாக்கியத்தாய் வாசலிலேயே நின்று, எனக்கு வேண்டாம்மா என்று சொல்லிவிட்டாள்.

நான்காவது ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்துக்கு, பயிற்சியைப் பார்வையிடக் கல்லூரி ஆசிரியை தேவகிருபை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடாமல் ஹெப்சிபா எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பட்டவங்களே வாயைத் திறக்கலைன்னா நான் யாருக்காகம்மா சண்டை போடுறது?"

ஆசிரியை ஹெப்சிபாவின் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

சாப்பாட்டு முறை என்றாள். எந்தக் கிழமை எந்த வீட்டில் தனக்குச் சாப்பாடு என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. இன்றைக்கு ஆசீர்வாதம் வீடு. ஆசிரியைக்கும் சேர்த்துச் சொல்லியாயிற்று, கோழிக்குழம்பு.

ஆசிரியையின் விரல் தாளில் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

"பாக்கியத்தாய் வீடு எந்தக் கிழமை?"

ஹெப்சிபாவிடம் வாதம் தயாராக இருந்தது. அவர்கள் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அந்தச் சோற்றில் பங்குக்குப் போய் உட்கார்வது பாவமில்லையா? கமிட்டி கீழத்தெருவை விட்டதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். தான் அதற்கு ஒத்துக்கொண்டது இரக்கத்தால்.

"சரி, இரக்கம். அவங்ககிட்ட கேட்டியா?"

"சோறு போடுங்கன்னு எப்படிம்மா கேக்குறது?"

"வாயாலதான். உனக்கு அது நல்லா வேலை செய்யுமே."

சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஆசீர்வாதம் வீட்டுக்கு நான் போறேன். சாப்பிட இல்லை, அவர்கிட்ட எனக்குப் பேச்சு இருக்கு. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா."

கீழத்தெரு வரைக்கும் ஹெப்சிபா மனசுக்குள் வாதாடிக்கொண்டேதான் நடந்தாள்.

பாக்கியத்தாய் வாசலில் ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். இவள் கையில் காகிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

கோப்பை வாங்கியவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

"பசிக்குது. இன்னைக்கு உங்க வீட்ல சாப்பிடலாமா? முன்னாடியே சொல்லாம வந்துட்டேன்."

பாக்கியத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கென்ன," என்றாள் உள்ளே இருந்தபடி. "நீங்க இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து, ஞாயித்துக்கிழமைன்னா ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கேன்."