உப்புப் போட்ட மழைக்கஞ்சி

ஒரு ஊர்ல ஒரு எருமை இருந்துச்சு. பேரு கருவாச்சி. ம் கொட்டுடி, அப்பத்தான் மேல சொல்லுவேன். ஆங்! அதை வளர்த்தவ காத்தாயி. அந்த ஊர்ல மூணு வருசமா மழையே இல்ல. ஆத்துல வெறும் மணலு. ஆளாளுக்குத் தனியாப் போயி ஊத்து தோண்டுவாங்க, முழங்கால் ஆழம் போனதும் "அட போ"ன்னு வந்துருவாங்க. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட மாட்டாங்க. தண்ணிச் சண்டையில பேச்சுவார்த்தையே கிடையாதே!

அப்புறம் எல்லாரும் ஊரைக் காலி பண்ண வண்டி கட்டிட்டாங்க. காத்தாயி எங்க போவா? தண்ணியில்லாமத் துவண்ட கருவாச்சி நாலு எட்டு வச்சா தொப்புன்னு படுத்துக்கும். அதை விட்டுட்டுப் போக மனசில்ல, ஆளில்லாத ஊர்ல இருக்கவும் பயம். "மாரியாத்தா, நீதான் கதி"ன்னு அழுதா. அப்போ மழைக்கஞ்சி ஞாபகம் வந்துச்சு. வீடு வீடாக் கஞ்சி வாங்கி, ஒரே பானையில ஊத்தி, கோயில் வாசல்ல ஊரே சேர்ந்து குடிச்சா ஆத்தா மனசு இறங்குவாளாம். ஒரே ஒரு சட்டம், கஞ்சியில உப்பே கூடாது.

வண்டிக நகர்றதுக்கு முன்னாடி பானையைத் தூக்கிட்டுக் கிளம்பினா. முதல்ல சடையன் வீடு. "சப்புன்னு குடுத்தா எதிர்வீட்டுக்காரி என்னைக் கஞ்சப்பயன்னு சொல்லுவாளே"ன்னு திருட்டுத்தனமா ஒரு கை உப்பு போட்டான், பொத்! அப்புறம் அந்த எதிர்வீட்டுக் குப்பாத்தா. "அவன் கஞ்சியைவிட என் கஞ்சி ருசியா இருக்கணும்"னு ரெண்டு கை, பொத் பொத்! மூணாவது பூசாரி. அவராச்சும் சும்மா இருந்தாரா? "பாவம், ஆத்தா எப்படி உப்பில்லாமக் குடிப்பா"ன்னு மூணு கை! பொத் பொத் பொத்! இப்படியே ஊரு பூரா.

சிரிக்காதடி, தூக்கம் போயிரும்.

அப்போ எல்லாரும் கோயில் வாசல்ல உக்காந்து, "தாயே"ன்னு கும்பிட்டு, மடக்குன்னு ஒரு வாய். அவ்வளவுதான்! மூஞ்சியெல்லாம் கோணிக்கிச்சு. "யாருய்யா உப்பு போட்டது?"ன்னு காத்தாயி கத்தினா. அத்தனை பேரும் வானத்தைப் பாத்தாங்க. துப்பவும் முடியல, சாமிக் கஞ்சியாச்சே! கண்ணை மூடிட்டுக் குடிச்சுத் தீத்தாங்க. அப்புறம் எடுத்துச்சு பாரு தாகம்! இருந்த தண்ணியெல்லாம் கஞ்சிக்கே போச்சு, குடத்தைக் கவுத்தா ஒரு சொட்டு இல்ல. "தண்ணி, தண்ணி"ன்னு மண்வெட்டியும் கூடையுமா ஊரே ஆத்துக்கு ஓடுச்சு.

சரக் சரக்! முழங்கால் ஆழம், மணலு. இடுப்பு ஆழம், அப்பவும் மணலு. சடையன் தோண்டுறான், மேல நிக்கிறது குப்பாத்தா. பேசாம எப்படி? "இந்தா, கூடையைப் பிடி!" "கொண்டா, கொண்டா!" மூணு வருசத்துல அதான் முதப் பேச்சு. கழுத்து ஆழம் போச்சு... குபுக்!

ம், தண்ணியேதான்! கருவாச்சி மட்டும் எட்டு வாளி குடிச்சுட்டு, "ம்ம்மே"ன்னு எழுந்து நின்னுச்சு. வண்டியெல்லாம் அவுத்துட்டாங்க. காத்தாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. "ஆத்தா, நான் மேல பாத்துக் கேட்டேன், நீ கீழ இருந்து குடுத்துட்டியே!"

மழையா? வந்துச்சு, எட்டு நாள் கழிச்சு, ஆடி அசைஞ்சு.

கஞ்சியும் காலி, கதையும் காலி. என்னடி, தண்ணி வேணுமா? அந்த உப்பு உனக்கும் ஏறிடுச்சா! இந்தா சொம்பு, குடிச்சிட்டுத் தூங்கு.