கலியமூர்த்தியின் வலது கால்

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். தைப்பூசத்தன்று மூன்று மணி நேரம் பத்மாசனத்தில் அசையாமல் உட்காருகிறவருக்குத்தான் அங்கே காவி. முதல் குரு வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. இப்போதைய குரு உலகம்மைக்கு வயது நாற்பத்தாறு. அவரிடம் காவி வாங்கக் காத்திருந்த சீடர் கலியமூர்த்திக்கு எழுபத்தொன்று.

கலியமூர்த்தி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடம் முயன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடிந்ததில்லை. கால் கெஞ்சும். அந்த ஐப்பசியில் ஒருநாள் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். மடமே வாயைப் பிளந்தது. சமையல்காரர் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் குருவைத் தேடி வந்தார்.

"அம்மா, வலது கால்ல உணர்ச்சியே இல்ல. உடம்பு கழண்டுக்கிட்டு வருது. இந்தப் பூசத்துக்குக் காவி நிச்சயம்தானே?"

"ரெண்டு காலையும் கொஞ்சம் நீட்டுங்க ஐயா."

கூச்சத்தோடு நீட்டினார். குரு ஒரு பாதத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார், அப்புறம் மற்றதில். இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பாதம் பானைத் தண்ணீர்போலச் சில்லிட்டிருந்தது. அந்தக் காலில் மட்டும் முடி கொட்டித் தோல் பளபளத்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் மறுபடி சிவக்க வெகுநேரம் ஆனது. விரல் இடுக்கில் ஒரு புண் இருந்தது.

"இது எப்போ வந்துச்சு?"

"ஆடி மாசம். வலிக்கவே இல்லம்மா."

"நடந்தா எப்படி இருக்கு?"

"கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் நின்னா விட்டுரும். பழைய வினை கழியுதுன்னு நெனச்சேன்."

"பீடி?"

கலியமூர்த்தி தரையைப் பார்த்தார். "ரெண்டே ரெண்டு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"வேலையில இருந்தப்போ, கடைசித் தெருவுல விளக்கு எரியலைன்னா என்ன செய்வீங்க?"

"லைன்ல எங்க கோளாறுன்னு தேடிப் போவேன்."

"அந்தத் தெரு முக்தி அடைஞ்சிருச்சுன்னு கும்பிட்டுட்டு வந்துர மாட்டீங்களே?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பூசம் வரைக்கும் பொறுங்கம்மா. காவி வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"காலையில முதல் பஸ். நானும் வர்றேன்."

டாக்டர் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். மாத்திரை எழுதினார். பீடியைத் தொடக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சில்லிடுகிறதென்று வெந்நீரில் வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். புண் ஆறிய பிறகு, வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்காரவே கூடாது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் கலியமூர்த்தி அழுதுவிட்டார். விரல் தப்பியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

கார்த்திகையில் புண் ஆறியது. மடத்துச் சாலையில் நடக்க ஆரம்பித்தார். பழைய பழக்கம், மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே போனார். முதல் நாள் இரண்டாவது கம்பத்திலேயே கால் அவரை நிறுத்திவிட்டது. மார்கழியில் நான்காவது வரை போனார். தியானக் கூடத்தில் மெத்தைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே சம்மணமிட்டிருந்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பியபோது, யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டார்.

தைப்பூசம் வந்தது. பத்துப் பேர் கூடத்தில் பத்மாசனம் போட்டு அமர்ந்தார்கள். அதைப் பார்க்கக் கலியமூர்த்திக்கு மனம் தாங்கவில்லை. நடக்கக் கிளம்பிவிட்டார். ஆறாவது கம்பத்தில் கெண்டைக்கால் பிடித்தது. நின்றார். பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பினால், குரு.

"என்னம்மா, கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்களே?"

"நான் இல்லாட்டியும் உக்காருவாங்க. வலி விடட்டும், நிக்கிறேன்."

கலியமூர்த்தியால் அடக்க முடியவில்லை.

"உடம்பை மறக்கத்தான் இங்க வந்தேன். இப்போ தினமும் கண்ணாடி வெச்சு உள்ளங்காலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கெல்லாம் இனிமே ஏதும்மா காவி?"

உலகம்மை தோள்பையிலிருந்து மடித்த காவித் துணியை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் பதறிப்போனார்.

"நான் மூணு மணி நேரம் உக்காரலையே!"

"ஐப்பசியில உக்காந்தீங்க. அப்போ இந்தக் கால் உங்ககிட்ட இல்ல. இல்லாததை எப்படி ஐயா துறக்கிறது? இப்போ இருக்கு. வலி விட்டுருச்சா? வாங்க, ஏழாவது கம்பத்துக்குப் போவோம்."