கொடியேற்ற ஒரு பிள்ளை

போன தவக்காலத்தில், ஜெபம் முடிந்து வரும்போது ரோஸ்லின் மதினி சொன்னது இது.

பழமையைக் காக்கிற கட்சி ஒன்று இரண்டாய் உடைந்தது. ஆண்டுவிழாவில் கொடியேற்றுவது யார் என்று இரு தலைவர்களுக்கும் சண்டை. கட்சி ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற பூரணத்தைக் கூப்பிட்டார்கள்.

“நீ பொதுவான ஆள். எங்களில் யாருன்னு சொல்லு. தப்பாச் சொன்னா வேலை போயிடும்.”

“உங்க கட்சி வழக்கப்படியே செய்யுங்கய்யா. அந்தந்த வருஷம் புதுசா சேர்ந்த பிள்ளைதானே ஏத்தும்?”

“வழக்கம்னா வழக்கம்தான்!” என்றார் ஒருவர்.

“அதை மீறினதே நீர்தானய்யா!” என்றார் மற்றவர்.

பிறகு இருவரும் தங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நரைத்த தலைகள்தான். சண்டை தொடங்கியபின் ஒரு பிள்ளையும் சேரவில்லை.

“ரெண்டு பேருமாப் போய் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கய்யா,” என்று பூரணம் விளக்குமாற்றை எடுத்தாள். அவள் வேலையும் போகவில்லை.

அவர்கள் போனார்களா என்று மதினிக்குத் தெரியாது. உனக்கு இதைச் சொல்கிறேன்: நீயும் சண்டை போட்டுப் பேசாமலிருக்கிற உன் அண்ணனுக்கு இன்றைக்கு ஒரு போன் போடுப்பா.