கலிங்குக்கு எத்தனை முழம்?

“அந்த ஆசாரி என்னைய ஏமாத்திட்டான், அம்மை.”

நல்லாண்டி மூச்சு வாங்க வந்து நின்றார். குளத்துக் காவல் அவர் பொறுப்பு.

ஆவுடையம்மை வயதில் அவருக்கு இளையவள்தான். ஆனாலும் அவருக்குக் குரு அவள்.

குளத்துத் தண்ணீர் வழிகிற கலிங்கில் தடுப்புப் பலகை முறிந்து கிடந்தது. நிரம்பின குளம் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. குளம் வற்றினால் அந்த வருசம் ஊரில் நடவு இல்லை.

“என்ன அளவு சொன்னீரு?”

“ஏழு முழம். என் கையாலயே அளந்தேன். வந்த பலகை ரெண்டு கரையும் தொடல. உள்ள போட்டேன், தோணி மாதிரி மிதந்து போகுது.”

“ஆசாரியைக் கூப்பிடும்.”

இசக்கிமுத்து ஆசாரி வந்தார். நல்லாண்டி நெடுநெடுவென்று பனை உயரம். ஆசாரி அவர் நெஞ்சுக்குத்தான் இருந்தார்.

கரையில் இழுத்துப் போட்டிருந்த பலகை மேல் ஆசாரி முழங்கையை வைத்து அளந்தார்.

ஏழு.

நல்லாண்டி குனிந்து அளந்தார்.

ஆறு.

“பாத்தீகளா அம்மை! ஒரு முழத்தைத் தின்னுட்டான்.”

“மரத்தைத் தின்ன நான் என்ன கரையானா, அண்ணாச்சி?”

ஆவுடையம்மை யாருக்கும் பரிந்து பேசவில்லை. இரண்டு பேர் கையையும் பிடித்து, முழங்கையோடு முழங்கை சேர்த்து நிமிர்த்தி வைத்தாள். நல்லாண்டியின் விரல் நுனி மேலே போய் நின்றது.

அந்த மிச்சத்தின் மேல் ஆசாரியின் இன்னொரு கையைக் குறுக்கே வைத்தாள்.

நாலு விரல். அதற்கு மேல் இடமில்லை.

“இப்ப அளவு சொல்லும்,” என்றாள்.

“ஏழு…” என்று தொடங்கி நல்லாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டார். “கயிறு பிடிச்சு அளந்து குடுத்துரட்டா?”

“ஈரக் கயிறு சுருங்கும், அண்ணாச்சி. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு மரம். குறைச்சு அறுத்தா அவ்வளவுதான், ஒட்டவா முடியும்?” என்றார் ஆசாரி.

நல்லாண்டி குருவைப் பார்த்தார். குரு தண்ணீரைப் பார்த்தாள்.

அவர் மணலில் குந்தினார். விரலால் கோடு கிழித்தார். அழித்தார். மறுபடி கிழித்தார்.

“என் முழத்துக்கும் உம்ம முழத்துக்கும் நாலு விரல் வித்தியாசம். ஏழு முழத்துக்கு இருபத்தெட்டு விரல். ஆசாரி, உம்ம முழத்துக்கு எத்தனை விரல்?”

“என் விரலுக்கு இருபத்துநாலு.”

“இருபத்தெட்டுல ஒரு முழம் போச்சுன்னா…”

சட்டென்று எழுந்தார். மணல் உதிர்ந்தது.

“எட்டு முழம், நாலு விரல்! உம்ம கையால!”

ஆசாரி சந்தேகத்தோடு ஆவுடையம்மையைப் பார்த்தார்.

“என்னை என்ன பாக்கிறீரு? காவல்காரர் சொல்லிட்டாரு. போய் அறும்.”

வெயில் சாய்வதற்குள் புதுப் பலகை வந்தது. நாலு பேர் தூக்கிக் கலிங்குக் கல்லில் பலகைக்கென்று வெட்டிய காடிப் பள்ளத்தில் இறக்கினார்கள். பாதியில் தயங்கியது. நல்லாண்டி மேலே ஏறி மிதித்தார்.

தொம்மென்று இறங்கி உட்கார்ந்தது.

ஓடின தண்ணீர் ஒல்லியானது. நூலானது. நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆசாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நல்லாண்டி கரை நெடுக ஓடினார். “விடும்வே, விழுந்துருவேன்!” என்று ஆசாரி கத்தினது யார் காதிலும் விழவில்லை.

ஓடிக் களைத்து, சொட்டச் சொட்ட நனைந்து, நல்லாண்டி குருவின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மை, ஒண்ணு கேக்கணும். என் கைக்கு ஏழு. அவன் கைக்கு எட்டும் நாலு விரலும். இந்தத் தண்ணிய நிறுத்தினது யாரு கணக்கு?”

ஆவுடையம்மை சிரித்தாள்.

“தண்ணிக்குக் கை ஏது, அண்ணாச்சி?”