கடையாணியும் பட்டுக் கச்சையும்

வெண்குன்றத்து அரண்மனையில் மன்னரைச் சிரிக்க வைப்பது என் உத்தியோகம். பெயர் சொக்கப்பன். நான் பெரிய அறிவாளி என்று ஊர் சொல்லும். ஊர் என் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை.

ஒருநாள் காலை மன்னர் வீரகண்டர் ஆள் அனுப்பினார். "மனசு சரியில்லை, உடனே வா." மாட்டு வண்டியைக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு ஓடினேன். ஒரு கதை சொன்னேன். சிரித்தார். "இன்னொன்று" என்றார். சொன்னேன். "வேண்டாம், முதலில் சொன்னதையே மறுபடி சொல்" என்றார்.

வெளியே வந்தால் வண்டியின் நுகத்தடியில் இரண்டு ஓலைகள் தொங்குகின்றன. வலது சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் இரும்புக் கடையாணியைக் காணோம். பக்கத்தில் வீதி அதிகாரி பூவராகர் தொப்பையைத் தடவியபடி நிற்கிறார்.

"முரசு அடிக்கும்போது வாசலில் வண்டி நிற்கக்கூடாது. முதல் முரசுக்கு ஓர் ஓலை, கடையாணி பறிமுதல். இரண்டாம் முரசுக்கு இன்னோர் ஓலை. மூன்றாம் முரசுக்கும் நின்றால் மாடுகள் அரண்மனைத் தொழுவத்துக்கு" என்றார்.

"கடையாணி இல்லாமல் வண்டியை எப்படி ஐயா நகர்த்துவது?"

"நகர்த்த முடியாது."

"நகர்த்தாவிட்டால்?"

"மூன்றாவது ஓலை."

"மாட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போகிறேனே?"

"ஓலை கட்டிய நுகத்திலிருந்து மாட்டை அவிழ்த்தால் அது தனிக் குற்றம்."

"என்னைக் கூப்பிட்டதே மன்னர்தானே!"

"அதை எழுத ஓலையில் இடமில்லை, சொக்கப்பரே."

அந்த இரண்டு மாடுகளும் என் மனைவி அங்கயம்மை பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்தவை. மாடுகள் வேண்டுமா, நான் வேண்டுமா என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பானேன்?

இதில் இன்னோர் அழகும் உண்டு. போன வருஷம் இந்தச் சட்டம் வந்தபோது அதைப் புகழ்ந்து பதினாறு வரி பாடியவன் நான்தான். சால்வை கூடக் கிடைத்தது.

அவைக்குத் திரும்பி ஓடினேன். பூவராகரும் பின்னாலேயே வந்தார். மன்னர் இருவரையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சொக்கப்பா, உனக்காகச் சட்டத்தை வளைத்தால் ஊர் என்ன பேசும்? சட்டம் கோணல் என்று மூன்றாம் முரசுக்குள் எனக்குக் காட்டு. எல்லோருக்கும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன்."

"காட்டுகிறேன் மன்னா. அதற்குப் பூவராகருடைய இடுப்புக் கச்சை வேண்டும்."

"என் கச்சை எதற்கய்யா?" என்று பூவராகர் பதறினார்.

"கொடும் ஓய்" என்றார் மன்னர். அவருக்கு அப்போதே சுவாரசியம் தட்டிவிட்டது.

பூவராகர் கச்சையை அவிழ்த்துக் கொடுத்தார். நழுவிய வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்போது இவரை உடனே வெளியேறச் சொல்லுங்கள். முறைப்படி."

எங்கள் அவையில் ஒரு முறை உண்டு. மன்னர் முன் வருகிறவரும் சரி, போகிறவரும் சரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியாக வேண்டும். போகும்போது முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடக்க வேண்டும்.

"போம்" என்றார் மன்னர்.

பூவராகர் நகரவில்லை.

"நிற்கிறாரே மன்னா! ஓர் ஓலை எழுதலாமா?" என்றேன்.

"எப்படி ஐயா போவேன்? கையைத் தூக்கினால்..." பூவராகர் அவையைச் சுற்றிப் பார்த்தார். அவையும் அவரையே பார்த்தது.

"இரண்டாவது ஓலை" என்றேன்.

"பிரபு, கச்சையைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னால் எப்படிப் போவது? இது என்ன நியாயம்?"

"இதைத்தான் என் வண்டியும் கேட்கிறது" என்றேன்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காது வரை இறங்கிவிட்டது. "இனி எவன் வண்டியிலும் கடையாணியைத் தொடாதீர். சொக்கப்பனின் மாடுகளையும் விட்டுவிடும்" என்றார். பூவராகரின் கச்சையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். என் பழைய கச்சையை வீசச் சொல்லி, தம் இடுப்பிலிருந்த பட்டுக் கச்சை ஒன்றை அவிழ்த்து எனக்குப் பரிசாகக் கட்டிவிட்டார். அவை கைதட்டியது.

"அப்படியானால் வாசலை அடைத்து நிற்பவனை என்னதான் செய்வது?" என்று பூவராகர் முனகினார்.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். கைதட்டு வாங்கியவன் எங்கே மூடுவான்?

"வண்டியை விட்டுவிடுங்கள், அது போகட்டும். வண்டிக்காரனிடம் எதையாவது பிடுங்குங்கள்" என்றேன்.

மன்னர் என்னைப் பார்த்தார். கச்சையைக் கட்டிக்கொண்டிருந்த பூவராகரைப் பார்த்தார்.

"கச்சை" என்றார். எழுத்தர் அங்கேயே எழுதிவிட்டார்.

வெற்றியோடு வாசலுக்கு வந்தேன். காவலாளி ஒரு பானையை நீட்டினான். ஊரார் கடையாணி எல்லாம் அதில்தான் கிடந்தது. ஒன்றை எடுத்தேன், தடித்தது. அடுத்தது மெலிந்தது. எட்டாவதையோ ஒன்பதாவதையோ செருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் முரசு அடித்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஆணி தேடித்தானே ஐயா நேரமாயிற்று! நீங்கள் பிடுங்கிய ஆணி!" என்றேன்.

"உண்மைதான். அவையில் வந்து முறையிடுங்கள்" என்றார் பூவராகர்.

"இதோ போகிறேன்."

"போங்கள். அதற்கு முன் கச்சை."

பட்டுக் கச்சையை அவிழ்த்துக் கொடுத்தேன். வேட்டி நழுவியது. அவைக்குள் போக வேண்டுமானால் கை தலைக்கு மேல் போக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பூவராகருக்கு அது முன்பே நினைவு வந்திருக்கிறது.

வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு மாடுகளோடு நடந்தேன்; ஒரு கையில் மூக்கணாங்கயிறு, மறு கையில் வேட்டி. கடைவீதி முழுவதும் வேடிக்கை பார்க்க வீடு வந்து சேர்ந்தேன். அங்கயம்மை முதலில் மாடுகளைத் தடவிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? வயிற்று வலியா?"

"இல்லை," என்றேன். "வழக்கில் ஜெயித்துவிட்டேன்."