சிக்னலில் கண்ணயர்ந்த கார்

“ஸ்டியரிங் மேல சத்தியம்! இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் லைசென்ச எலி தின்னட்டும்!” வண்ணார்பேட்டை கார் ஸ்டாண்டே அதிரக் கத்தினார் பேச்சிமுத்து.

கத்தாமல் என்ன செய்வார்? சிக்னலில் நின்றால் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக உயிர் வரும் புது வண்டி ஒன்று நாளைக்குக் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றப் போகிறது. யார் ஓட்டுவது என்று எழுத ஸ்டாண்டுச் செயலாளர் எஸ்தாக்கி பேனாவைத் திறந்துவைத்திருக்கிறார். முப்பது வருஷம் லாரியில் உப்பு மூட்டை ஏற்றிய பேச்சிமுத்துவுக்கு, ஒரு தடவையாவது மாப்பிள்ளையை ஏற்றிவிட வேண்டும்.

“போன வாரம் டாக்டர் வண்டி இதே ரகம்தான். சிக்னல்ல நியூட்ரல் போட்டு கிளட்ச்ச விட்டேன், இஞ்சின் கப்புன்னு அடங்கிட்டு. கிளட்ச்ச மிதிச்சேன், முழிச்சிட்டு. மூணாவது சிக்னல்ல டேங்க் நிறைஞ்சு வழியுது!”

“அணைஞ்சா பெட்ரோல் மிச்சமாவும் அண்ணாச்சி, ஊறவா செய்யும்?” என்றான் இப்ராகிம்.

“ஊறிச்சுடே! பங்க்காரன் குடத்தத் தூக்கிட்டு ஓடியாந்தான். அதவிடு, அந்தப் பழக்கம் எனக்கே ஒட்டிக்கிட்டு. இலை போட்டுச் சோறு வர லேட்டானா உக்காந்த வாக்குல அணைஞ்சிருதேன். வீட்டுக்காரி இடது கால மிதிச்சாத்தான் முழிப்பு. நேத்து கொஞ்சம் அழுத்தி மிதிச்சிட்டா. தென்காசில போயித்தான் நின்னேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தாக்கி மட்டும் பேனாவை மூடினார். “சரி வே, டாக்டர் வண்டிய ஒர்க்‌ஷாப்பு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனது யாரு?”

பேச்சிமுத்து காதைச் சொறிந்தார். தலை தானாகத் தொங்கியது.

“நாந்தான். முத சிக்னல்லயே. அணைஞ்சதும் லாரிப் புத்தி, பெல்ட்டக் கழத்திட்டு இறங்கி பானெட்டத் தூக்கிட்டேன். தூக்கிட்டா அது தானா எந்திரிக்காதாம், சாவியத் திருகணுமாம். எனக்கு யாரு சொன்னா? வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிட்டுப் போனா, மெக்கானிக்கு ரெண்டு விரலால திருகுதான். வண்டி சிரிக்குது, அவனும் சிரிக்கான்.”

எஸ்தாக்கி பேனாவைத் திறந்து எழுதினார்: பேச்சிமுத்து.

“என்ன செயலாளரே, இவருக்கா!” என்றான் இப்ராகிம்.

“பானெட்டத் திறக்கக் கூடாதுன்னு முதுகு நோவப் படிச்ச ஆளு, இங்க இவரு ஒருத்தருதானடே.”

பேச்சிமுத்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு இப்ராகிமை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் சொன்னார்:

“இந்தத் தள்ளுன கதை கல்யாண வீட்டுக்குப் போச்சுன்னா, தள்ளுனது எவனோ டாக்டர் வீட்டு ஆளுன்னு சொல்லிரு. யாரு சொன்னான்னு கேட்டா, என் பேர மட்டும் எடுத்துராதடே!”