தூக்கம் தொலைத்த தவளை

அல்லிக்குளத்தில் கோடை வந்ததும் தவளைகள் சேற்றுக்குள் இறங்கித் தூங்கிவிடும். மழை வந்து எழுப்பினால்தான் எழும்.

குவளை என்ற தவளைக்கு மட்டும் அந்தக் கோடையில் தூக்கம் வரவில்லை. முந்தைய வருஷம் மழை பருவம் தப்பிப் பெய்து, குளம் சீக்கிரமே வற்றிவிட்டது. குவளையின் தலைப்பிரட்டைகள் கால் முளைக்கும் முன்பே காய்ந்து போயின. கண்ணை மூடினால் அந்தச் சின்ன வால்கள்தான் துடித்தன.

அதனால் அது அடிக்கடி சேற்றைக் கிளறி மேலே வந்து வானத்தைப் பார்த்தது. வரும்போதெல்லாம் உடம்பின் ஈரம் கொஞ்சம் வற்றியது. இப்படியே போனால் மழை வரும்வரை உயிர் தங்காது.

யாரிடமும் சொல்லவும் முடியாது. பயத்தை வாய்விட்டுச் சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும் என்பது அந்தக் குளத்து வழக்கம். நல்ல வழக்கம்! ஊமை கண்ட கனவாக எல்லாமே உள்ளுக்குள் புழுங்கின.

ஒரு காலையில், வளையைச் சேற்றால் அடைத்துக்கொண்டிருந்த நண்டு குவளையைப் பார்த்தது.

"என்னடி, தோல் இப்படிச் சுருங்கிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமலா இப்படி வத்திப்போனே?"

குவளை உடைந்துபோனது. "இந்த வருஷமும் பிள்ளைங்களைப் பறிகொடுத்துடுவேனோன்னு பயமா இருக்குக்கா."

சொல்லிவிட்டு நடுங்கியபடி வானத்தைப் பார்த்தது. வானம் தன் பாட்டுக்கு நீலமாக இருந்தது.

"எனக்கும் அதே பயந்தான்," என்றது நண்டு. "இல்லேன்னா அடைச்ச வளையையே எதுக்குத் திறந்து திறந்து அடைக்கிறேன்?"

இரண்டும் சேர்ந்து அழுதன. அழுது தீர்ந்ததும் குவளை மெல்லக் கேட்டது: "மழை நம்ம பேச்சைக் கேக்காது. நடுக்குளத்துல ஒரு பள்ளம் தோண்டினா, கடைசித் தண்ணி அங்க நிக்குமில்ல?"

"நிக்கும்டி. வா."

குவளை பின்னங்கால்களால் சேற்றைத் தள்ள, நண்டு கொடுக்கால் அள்ளியது. சத்தம் கேட்டு மற்றத் தவளைகளும் எழுந்து, "எங்களுக்குந்தான் பயம்" என்று சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தன. பள்ளம் ஆழமானது. களைத்த குவளை அங்கேயே ஈரச் சேற்றில் புதைந்து கண்ணை மூடியது. மண்ணுக்கடியில் மேகங்கள் மெதுவாக நீந்தின. அவற்றின் வயிற்றில் சாய்ந்து அது வெகுகாலம் தூங்கியது.

மழை அந்த வருஷமும் தப்பித்தான் பெய்தது. குளமும் சீக்கிரமே வற்றியது. பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. எல்லாத் தலைப்பிரட்டைகளும் பிழைத்துவிடவில்லை. பிழைத்தவை கால் முளைத்து, குவளையின் முதுகில் ஏறி விளையாடின.

பயத்தை உள்ளே பூட்டினால் அது நம்மைத் தின்னும். நாலு பேரிடம் சொல்லி, முடிந்ததைக் கூடிச் செய்தால், தப்பிய பருவத்தையும் தாங்கலாம்.